போர்ப்படத்தில் எங்கே சிரித்தீர்கள்? ‘நோ மேன்ஸ் லேண்ட்’ படத்தை முன்வைத்து அனுபவக் குறிப்பு எழுதும் முறை

சிரிக்க வைத்துக்கொண்டே கொல்லும் போர்ப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு எழுத உட்காரும்போது, பெரும்பாலோர் இரண்டு வழிகளில் ஒன்றில் போய்விடுகிறார்கள். ஒரு சாரார் நகைச்சுவைக் காட்சிகளை வரிசையாகச் சொல்லிப் படத்தைப் பரிந்துரைக்கிறார்கள். இன்னொரு சாரார் ‘போரின் கொடூரத்தைத் தோலுரித்துக் காட்டும் படம்’ என்று எழுதி முடித்துக்கொள்கிறார்கள். பார்த்தவருக்குள் அந்தப் படம் என்ன செய்தது என்பது இரண்டிலும் கிடைப்பதில்லை. அந்த வகைப் படத்தைப் பற்றி எழுதுகிறவர் செய்ய வேண்டிய முதன்மையான வேலை, தம்முடைய ஒவ்வொரு சிரிப்புக்கும் கணக்குக் கொடுப்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம். யாரைப் பார்த்துச் சிரித்தேன், எந்த நொடியில் சிரித்தேன், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் திரையில் என்ன நடந்தது என்று எழுதினாலே, படத்தின் வன்முறையும் அரசியலும் தாமாக அந்தக் குறிப்புக்குள் வந்து சேர்ந்துவிடும்.

இதற்கு எடுத்துக்காட்டாக டானிஸ் தனோவிச் எழுதி இயக்கி 2001இல் வெளியான ‘நோ மேன்ஸ் லேண்ட்’ என்ற பொஸ்னியப் படத்தை எடுத்துக்கொள்கிறேன். விளக்கத்துக்காகப் படத்தின் முடிவையும் சொல்ல வேண்டியிருப்பதால், இதுவரை பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது; ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான படம்தான். இந்தியாவில் இந்தப் பெயரைப் பலரும் அறிந்திருப்பதற்குக் காரணம், 2002ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில் சிறந்த வேற்றுமொழிப் படத்துக்கான விருதை ‘லகான்’ பெறாமல் இது பெற்றது என்பதுதான். அந்த ஆதங்கத்தோடு இந்தப் படத்தை அணுகுகிறவர்கள் முதலில் அதை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். விருது கிடைத்த கதை, கான் விழாவில் திரைக்கதைக்குக் கிடைத்த பரிசு ஆகியவையெல்லாம் தகவல்கள். வேண்டுமானால் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

படம் பார்ப்பதற்கு முன்னால் விமர்சனங்களைப் படிக்காதீர்கள், வரலாற்றைப் படியுங்கள். அரை மணி நேர வாசிப்பு போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும். யூகோஸ்லாவியா உடைந்த பிறகு, 1992 ஏப்ரலில் பொஸ்னியாவில் மூண்ட போர் 1995 டிசம்பரில் கையெழுத்தான டேட்டன் உடன்பாட்டோடு முடிந்தது. ஏறத்தாழ 1,00,000 பேர் இறந்தார்கள். பொஸ்னிய முஸ்லிம்கள், செர்பியர்கள், குரோவேஷியர்கள் ஆகிய மூன்று சமூகங்களும் பேசுவது ஒருவருக்கொருவர் எளிதில் புரிகிற மொழிதான். அங்கே அனுப்பப்பட்டிருந்த ஐ.நா. அமைதிப்படையினர் நிவாரண வண்டிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கலாம், தற்காப்புக்காகச் சுடலாம், ஆனால் போரில் ஒரு தரப்பாக இறங்கக் கூடாது என்ற வரம்புக்குள் இருந்தார்கள். 1995 ஜூலையில், ஐ.நா. தானே பாதுகாப்புப் பகுதியாக அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட பொஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். படத்தின் கதை அதற்கு முந்தைய காலத்தில் நடக்கிறது என்றாலும், 2001இல் அரங்கில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பொஸ்னியருக்கும் அது தெரியும். படத்தில் முன்னரங்கில் இருக்கும் வீரர்கள் நீலத் தலைக்கவசம் அணிந்த ஐ.நா. படையினரை ‘ஸ்மர்ஃப்’ என்று, கார்ட்டூனில் வரும் குட்டி நீல உருவங்களின் பெயரால் அழைக்கிறார்கள். வரலாறு தெரியாதவருக்கு அது வேடிக்கையான பட்டப்பெயர். தெரிந்தவருக்கு அதே சொல்லில் கசப்பும் சேர்ந்து வரும். இயக்குநரைப் பற்றியும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பொஸ்னியத் தலைநகர் சரயேவோ முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில் பொஸ்னியப் படைக்காகக் கேமராவோடு முன்னரங்குகளில் படம்பிடித்தவர் அவர். பதுங்குகுழியில் நடக்கும் வேடிக்கைப் பேச்சு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இதைவிட வேறு விடை தேவைப்படாது.

முதல் முறை பார்க்கும்போது படத்தை இடையில் நிறுத்தாதீர்கள். ஒரு தாளை அருகில் வைத்துக்கொண்டு இரண்டே இரண்டு விஷயங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: சிரித்த இடம், பார்க்க முடியாமல் கண்ணைத் திருப்பிக்கொண்ட இடம். அடையாளத்துக்கு ஒரு சொல் போதும். ‘ஒளிப்பதிவு அருமை’, ‘நடிப்பு மிகை’ என்றெல்லாம் அப்போதே எழுதத் தொடங்கினால் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறவராக ஆகிவிடுவீர்கள். படம் முடிந்த அன்றே, நினைவு கலைவதற்கு முன்னால், ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் அந்தச் சிரிப்பு யாரை நோக்கியது என்று எழுதிவிடுங்கள். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால், மறுநாள் உங்கள் நினைவில் மிஞ்சுவது நீங்கள் எப்படிச் சிரித்திருக்க வேண்டும் என்று நீங்களே நினைத்துக்கொள்வதாகத்தான் இருக்கும்.

கதையை இவ்வளவில் சொல்லிவிடலாம். இரவில் மூடுபனியில் வழி தவறிய பொஸ்னியப் படைக்குழு ஒன்று, விடிந்து பனி விலகும்போது செர்பிய முன்னரங்குக்கு நேர் எதிரே நிற்கிறது. குண்டுமழையில் அந்தக் குழு அழிகிறது. தப்பிய சிகி, இரண்டு தரப்புக்கும் நடுவே கைவிடப்பட்டுக் கிடக்கும் பதுங்குகுழியில் போய் விழுகிறான். அங்கே வேவு பார்க்க வரும் இரண்டு செர்பியர்களில் மூத்தவனை அவன் கொன்றுவிட, காயமடைந்த இளையவன் நினோ அவனோடு மாட்டிக்கொள்கிறான். மூன்றாமவன் செரா, சிகியின் தோழன். இறந்துவிட்டான் என்று நினைத்து அவன் உடலுக்கடியில் செர்பியர்கள் கண்ணிவெடி வைத்திருக்க, அவன் கண் விழிக்கிறான். எழுந்தால் வெடிக்கும். உங்கள் குறிப்பிலும் கதைச்சுருக்கம் இதைவிட நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள இடமெல்லாம் காட்சிகளுக்கு வேண்டும்.

என் தாளில் நான் முதலில் குறித்த சிரிப்பு, முன்னரங்கில் காவல் இருக்கும் பொஸ்னிய வீரன் ஒருவன் நாளிதழ் படிக்கும் இடத்தில் வந்தது. தலைக்கு மேல் எந்த நேரமும் குண்டு விழலாம் என்ற நிலையில் உட்கார்ந்துகொண்டு, ருவாண்டாவில் நிலைமை எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று அவன் அங்கலாய்த்துக்கொள்கிறான். இந்தச் சிரிப்பு யாரை நோக்கியது? அந்த வீரனை நோக்கியது என்று முதலில் தோன்றும். சற்று யோசித்தால், தொலைவில் நடக்கும் போரைச் செய்தித்தாளில் படித்து ‘அடப்பாவமே’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிற எல்லோரையும், அதாவது பொஸ்னியப் போரை அப்படிப் படித்த உலகத்தையும், அது தொடுகிறது என்பது தெரியும். இங்கே எழுதுகிறவர்களுக்கு ஒரு சபலம் வரும்: படம் 1993இல் நடப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது, ருவாண்டா இனப்படுகொலையோ 1994இல் நடந்தது என்று பிழை கண்டுபிடித்துக் காட்டத் தோன்றும். சொல்லலாம், தவறில்லை, ஆனால் அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டு, சிரிப்பின் பக்கம் திரும்பிவிடுங்கள்.

படத்தின் இதயமான காட்சி, போரைத் தொடங்கியது யார் என்ற வாக்குவாதம். உங்கள் குறிப்பில் மிக விரிவாக எழுத வேண்டிய இடமும் இதுதான். சிகி கையில் துப்பாக்கி இருக்கிறது; போரைத் தொடங்கியது யார் என்று நினோவிடம் கேட்கிறான். நினோ தன் தரப்புக்காக வாதாடுகிறான். துப்பாக்கி உயர்கிறது, ‘நாங்கள்தான்’ என்று நினோ ஒப்புக்கொள்கிறான். பின்னர் துப்பாக்கி கை மாறுகிறது. இப்போது நினோ அதே கேள்வியைக் கேட்கிறான். சிகி அதே விடையைச் சொல்ல வேண்டியதாகிறது. நான் சிரித்தது முதல் தடவையில் அல்ல, இரண்டாவது தடவையில். ஒரே கேள்வி, ஒரே விடை, இடம் மாறியது துப்பாக்கி மட்டும் என்ற ஒழுங்கு கண்ணுக்குத் தெரிந்த நொடியில்தான் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு காட்சியை எழுதும்போது நிகழ்வுகளின் வரிசையைக் குலைக்காமல் எழுதுங்கள். ‘துப்பாக்கி வைத்திருப்பவன் சொல்வதே உண்மை என்று இயக்குநர் காட்டுகிறார்’ என்ற முடிவுரையை முதலில் வைத்துவிட்டால், படிப்பவருக்குச் சிரிப்பும் கிடைக்காது, அதற்குப் பின் வரும் திகைப்பும் கிடைக்காது.

இதே காட்சி ஒரு பள்ளத்தையும் வைத்திருக்கிறது. பலர் அதில் விழுந்துவிடுகிறார்கள். இருவருமே ஒப்புக்கொள்ள வைக்கப்படுவதால், ‘இரண்டு தரப்பும் ஒன்றுதான், போர் என்றாலே அப்படித்தான்’ என்ற சமன்பாட்டை எழுதிவிடுவது எளிது. காட்சி சொல்வது அதுவல்ல. மிரட்டிப் பெறும் ஒப்புதலுக்கு மதிப்பில்லை என்று அது சொல்கிறது. கேள்விக்கு விடையே கிடையாது என்று சொல்லவில்லை. அந்தப் போரின் குற்றங்களை விசாரிப்பதற்காகவே 1993இல் ஹேக் நகரில் ஐ.நா. நிறுவிய தீர்ப்பாயம் பல்லாண்டுகள் இயங்கித் தீர்ப்புகள் வழங்கியது. ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலை என்று பன்னாட்டு நீதிமன்றமும் 2007இல் தீர்ப்பளித்தது. படத்துக்குள்ளும், பதுங்குகுழியில் இருப்பவர்களைக் காப்பாற்றத் துடிக்கும் பிரெஞ்சு சார்ஜென்ட் மார்ஷான், கொலையைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நடுநிலை வகிக்க முடியாது, தடுக்காமல் இருப்பதே ஒரு பக்கம் சாய்வதுதான் என்ற பொருளில் பேசுகிறான். அந்த வசனத்தை மறந்துவிட்டுத் துப்பாக்கிக் காட்சியை மட்டும் வைத்து எழுதினால், படத்தின் பாதியை வெட்டி எறிந்தது போலாகும்.

வேறு சில சிரிப்புகளைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். தாங்கள் எந்தத் தரப்பு என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகச் சிகியும் நினோவும் சீருடையைக் கழற்றிவிட்டு உள்ளாடையோடு மேலேறி வெள்ளைத் துணியை ஆட்டுவதும், இரண்டு பக்கத்துப் படைகளும் தொலைநோக்கியில் பார்த்துக் குழம்புவதும் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் காட்சி. பான்யா லூகா நகரத்துச் சான்யா என்ற பெண்ணை இருவருக்குமே தெரியும் என்று கண்டுபிடிக்கும் இடம் அப்படியல்ல. அங்கே வருவது புன்னகை. சில நிமிடங்களுக்கு அவர்கள் எதிரிகளாக இல்லை. இதை எழுதும்போது நெகிழ்ந்து உருகிவிடாதீர்கள், ஏனென்றால் படம் உருகவில்லை: அந்த நெருக்கம் நீடிப்பதில்லை, கத்தியும் துப்பாக்கியும் மறுபடி வெளியே வந்துவிடுகின்றன.

வன்முறையை எழுதுவதற்கு வேறு ஒழுங்கு வேண்டும். ‘கொடூரமான’, ‘நெஞ்சை உறைய வைக்கும்’ போன்ற அடைமொழிகளை எழுதிவிட்டுப் பிறகு அடித்துப் பாருங்கள். வாக்கியத்தில் எதுவும் குறையாது. அவற்றுக்குப் பதிலாக, கேமரா எதைக் காட்டியது, எதைக் காட்டாமல் விட்டது என்று எழுதுங்கள். இந்தப் படத்தில் எனக்கு மிகப் பெரிய வன்முறையாகத் தோன்றியது தொடக்கத்துக் குண்டுவீச்சு அல்ல, கண்ணிவெடி வைக்கும் காட்சி. மூத்த செர்பிய வீரன், இறந்துவிட்டதாகக் கருதும் ஒரு மனிதனின் உடலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அதற்கடியில் வெடியைப் பொருத்துகிறான். உடலின் எடை விலகியதும் வெடி துள்ளியெழுந்து சிதறும், எடுத்துப் போக வரும் தோழர்கள் அத்தனை பேரும் சாவார்கள் என்று புதிதாகப் படையில் சேர்ந்த நினோவுக்கு உற்சாகமாக விளக்குகிறான். இறந்தவனைத் தூக்கிப் போய் அடக்கம் செய்ய வேண்டும் என்று தோழர்களுக்கு இருக்கும் அன்பை நம்பி வைக்கப்படும் பொறி அது. திரையில் ஒருவன் மகிழ்ந்துகொண்டிருக்கிறான், நமக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படித் திரையிலிருப்பவர் சிரித்து நாம் சிரிக்காத இடங்களையும் உங்கள் தாளில் குறித்துக்கொண்டால், எழுதும்போது அவை பெரிதும் உதவும். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தப் படத்தில் அந்தக் கண்ணிவெடி கடைசி வரை வெடிப்பதில்லை. நம்மை இருக்கையின் விளிம்பில் உட்கார வைத்திருக்கும் ஆயுதம், நாம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் அமைதியாகவே இருக்கிறது.

படத்தின் குறையை எழுதத் தயங்காதீர்கள். ஆனால் குறை எந்தக் காட்சியில் இருக்கிறதோ அங்கேயே அதை எழுதுங்கள், கட்டுரையின் கடைசியில் ‘சில குறைகள் இருந்தாலும்’ என்று ஒட்டவைக்காதீர்கள். சைமன் காலோ நடித்திருக்கும் ஐ.நா. கர்னல் சாஃப்ட், குட்டைப் பாவாடை அணிந்த செயலாளரை அழைத்துக்கொண்டு ஹெலிகாப்டரில் வந்திறங்கும் காட்சி எனக்கு மலிவாகத் தோன்றியது. பதுங்குகுழிக்குள் நடக்கும் வேடிக்கை மனிதர்களின் நிலைமையிலிருந்து பிறக்கிறது. இது வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய கேலிச்சித்திரம். அதிகாரிகளின் கையாலாகாத்தனத்தைக் காட்ட அந்தப் பெண்ணின் உடை எதற்கு? காட்ரின் கார்ட்லிட்ஜ் நடித்த தொலைக்காட்சிச் செய்தியாளர் ஜேன் பாத்திரம் இதைவிட மேலானது, ஏனென்றால் அவள் முழுக்க முழுக்கக் கெட்டவள் அல்ல. அதிகாரிகளை நெருக்கி, மூடி மறைக்க விடாமல் செய்வது அவள்தான். எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பதுங்குகுழியைப் படம்பிடிக்க வேண்டாமா என்று ஒளிப்பதிவாளர் கேட்கும்போது, எல்லாப் பதுங்குகுழியும் ஒரே மாதிரிதான் என்று சொல்லிப் புறப்பட்டுவிடுவதும் அவள்தான். அந்தக் குழிக்குள் செரா இன்னும் உயிரோடு படுத்திருக்கிறான்.

இனி, சிரிப்பு நின்ற இடம். இத்தகைய படங்களில் ஏதோ ஒரு கட்டத்துக்குப் பிறகு சிரிப்பு வருவதே இல்லை. அந்தக் கட்டத்தைத் துல்லியமாகக் கண்டுபிடியுங்கள், உங்கள் குறிப்பின் தொடக்கமாக அதையே வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது, ஜெர்மானிய வெடி நிபுணர் செராவுக்கடியில் இருக்கும் கண்ணிவெடியைச் சோதித்துவிட்டு, இதைச் செயலிழக்கச் செய்ய முடியாது என்று தெரிவிக்கும் இடம். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வடிவத்தில் நகைச்சுவைதான்: மேலே காப்பாற்றிக் கொண்டுவரப்பட்ட சிகியும் நினோவும் செய்தியாளர்களின் கண்ணெதிரே சாகிறார்கள், சிகி நினோவைச் சுட, அமைதிப்படை வீரன் சிகியைச் சுடுகிறான்; செராவை மீட்டுவிட்டதாக நம்பவைக்க ஐ.நா. படையினர் ஆளில்லாத ஸ்ட்ரெச்சரை ஹெலிகாப்டருக்குத் தூக்கிப் போகிறார்கள்; எதிரி இன்றிரவு அந்தக் குழியைப் பிடிக்க வருகிறான் என்று இரு தரப்புக்கும் பொய்த்தகவலைக் கசியவிட்டு, அவர்களே குண்டு வீசித் தடயத்தை அழிக்கும்படி ஏற்பாடு செய்கிறார்கள். வேறொரு படத்தில் இந்தக் காலி ஸ்ட்ரெச்சர் அரங்கை அதிர வைத்திருக்கும். இங்கே சிரிப்பு வராததற்குக் காரணம், அதுவரை ஒருவரையொருவர் வெறுத்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நாம், யாரையும் வெறுக்காத அலுவலக ஒழுங்கு ஒன்று ஒரு மனிதனைக் கணக்கிலிருந்து நீக்குவதைப் பார்க்கிறோம் என்பதுதான். இது என் விடை. உங்களுக்குச் சிரிப்பு நின்ற இடம் வேறாக இருந்தால் விடையும் வேறாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

வரைவு எழுதும்போது வாக்கியங்களை இந்த அளவுகோலில் சோதியுங்கள். ‘இயக்குநர் போரின் அபத்தத்தை அவல நகைச்சுவையோடு சொல்லியிருக்கிறார்’ என்ற வாக்கியத்தை எந்தப் போர்ப்படத்துக்கும் எழுதலாம், படம் பார்க்காமலேயே எழுதலாம். ‘துப்பாக்கி நினோவின் கைக்குப் போனதும் சிகி தயக்கத்தோடு அதே விடையைச் சொன்னபோது சிரித்தேன், அந்தத் துப்பாக்கி கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது’ என்பதை இந்தப் படத்தைப் பார்த்தவர் மட்டுமே எழுத முடியும். முதல் வகை வாக்கியம் ஒவ்வொன்றையும் இரண்டாம் வகையாக மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மாற்ற முடியாதவற்றை நீக்கிவிடுங்கள்.

தமிழில் எழுதுகிறவர் கூடுதலாக ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். உங்கள் வாசகர்களில் ஈழத்திலிருந்து வந்தவர்கள் இருப்பார்கள். பதுங்குகுழியும் மிதிவெடியும் அவர்களுக்குத் திரைப்படப் பொருள்கள் அல்ல. அவர்களுக்காகச் சிரிப்பை மறைத்து எழுத வேண்டியதில்லை, ஆனால் எதைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்பதில் தெளிவு இருந்தாக வேண்டும். அதே வேளையில் ‘இது நம் கதையேதான்’ என்று எழுதிப் பொஸ்னியாவை இன்னொரு போரின் நிழலாகச் சுருக்கிவிடாதீர்கள். ஒப்பிட வேண்டும் என்று மனம் சொன்னால், ஒப்பீட்டைத் தனிப் பத்தியில், இரண்டு வரலாறுகளும் எங்கே வேறுபடுகின்றன என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் ஓர் இரவு கழிந்த பின் படத்தை மறுபடி பாருங்கள். இந்த முறை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். வசனங்களை ஆங்கிலச் சப்டைட்டில் வழியாகத்தான் அறிகிறோம் என்பதால், மேற்கோள் குறி போட்டு எழுதியவற்றைப் பொருளுரையாக மாற்றுங்கள். யார் யாரைச் சுட்டார், எந்தப் பொருள் யார் கையில் இருந்தது என்பவற்றைத் திரையோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள், ஏனென்றால் பரபரப்பான காட்சிகளில் நினைவு எளிதாக இடம் மாற்றிவிடும். சிரிப்பைக் குறித்த முதல் தாளை மட்டும் திருத்தாதீர்கள்; இரண்டாம் முறை பார்க்கும்போது சிரிப்பு வராத இடங்களை அதே தாளில் வேறு மையில் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கட்டுரையில் ஒரு பத்தியாகச் சேருங்கள். முடிவைச் சொல்லியிருந்தால் அதை முதல் பத்தியிலேயே வாசகருக்குத் தெரிவித்துவிட்டு வெளியிடுங்கள்.